அப்பா தட்டச்சு செய்கிறார்

தூரத்துல இருக்கிற பிள்ளைக்கு நல்ல சேதிதான் போகணும், மத்ததெல்லாம்... மத்ததெல்லாம் என்ன செய்ய வேண்டும் என்று பெரியப்பா சொன்னார்? அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து போனில் பேசியபோது சொன்னது. பாதிதான் ஞாபகம் இருக்கிறது. "மத்ததெல்லாம் நாங்க முழுங்கிக்குவோம்" என்றாரா, "மத்ததெல்லாம் ஆறினப்புறம் சொன்னாப் போதும்" என்றாரா? பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அன்று கனடாவில், கால்கரியில், காரின் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டே காதில் போனை இடுக்கிக் கேட்டிருந்தான் அறவாழி. பாதி வாக்கியம் சுரண்டும் சத்தத்தில் போயிருக்க வேண்டும். அது இப்போது எதற்கு நினைவுக்கு வருகிறது என்று அவனுக்குத் தெரியும், தெரிந்ததால்தான் மீதிப் பாதியைத் தேடுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தான், கையிலிருக்கும் போனைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு சாக்கு. திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் முதல் மாடிக் கூடம், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், எதிரே சத்தத்தை அணைத்து வைத்த டிவியில் யாரோ வெண்டைக்காய் நறுக்கினார்கள். பக்கத்தில் அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவர் மட்டுமா, அந்த வரிசையில் இருந்த இருபது பேரும் கண்ணை மூடித்தான் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணின் பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, மொத்தம் மூன்று தடவை, அதற்குப் பிறகுதான் டாக்டர் பார்ப்பார். முதல் சொட்டு விட்டு நாலு நிமிஷம் ஆகியிருந்தது. அப்போதுதான் போன் அவன் உள்ளங்கையில் அதிர்ந்தது. பார்த்தான். அப்பாவிடமிருந்து செய்தி.

ஸ்டேஷன் மாஸ்டர் வெள்ளை உடுப்பில் அப்பா நிற்கும் சின்ன வட்டப் படம், அதற்குப் பக்கத்தில் 'அப்பா', அதற்குக் கீழே: அப்பாவுக்கு சொட்டு மருந்து விட்டாச்சா? எரியுதாமா? அவன் சட்டென்று திரும்பி அப்பாவின் கைகளைப் பார்த்தான். இரண்டு கையும் முழங்கால் மேல் இருந்தன. இடது கையில் கைக்குட்டை. சட்டைப் பையில் பித்தான் அழுத்தும் பழைய போன், அதில் பேச மட்டும்தான் முடியும். அப்பாவின் தொடுதிரை போன் வீட்டில், அவர் அறையில், மேஜை மேல் சார்ஜ் வயரோடு கிடக்கிறது. காலையில் கிளம்பும்போது, எடுத்துக்கலையாப்பா என்று இவனே கேட்டான், எதுக்கு என்றார். அவன் மறுபடி திரைக்குத் திரும்பியபோது அந்த வரி இல்லை. இந்தச் செய்தி நீக்கப்பட்டது. அரை நிமிஷம் கழித்து அதே வரி, எழுத்து மாறாமல், அக்காவிடமிருந்து வந்தது. அப்பாவுக்கு சொட்டு மருந்து விட்டாச்சா? எரியுதாமா? பொற்கொடி அக்காவின் படத்தில் அவள் பேரனோடு சிரித்தபடி இருந்தாள்.

முதலில் அவனுக்குள் இருந்த எஞ்சினியர்தான் எழுந்து பதில் சொன்னான், கோளாறாக இருக்கும், ஏதோ ஒன்று ஏதோ ஒன்றோடு கலந்திருக்கும். இருபது வருஷம் மற்றவர்களுடைய கோளாறுகளை விளக்கிச் சம்பளம் வாங்கியவன், பத்து விளக்கம் வைத்திருந்தான், பத்தும் இங்கிலீஷில் இருந்தன. பயம் தமிழில் வந்தது. எட்டாம் வகுப்புவரை பொன்மலையில் படித்த தமிழில். கலந்திருப்பது ஒன்றுமில்லை. அக்கா தன் போனிலேயே அப்பாவின் கணக்கையும் வைத்திருக்கிறாள். அப்பாவின் கணக்கிலிருந்து தன் கணக்குக்கு மாறாமல், அக்காவாகக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள். சமையலறையில் நின்றுகொண்டு, ஒரு கையால் பருப்பைக் கிளறிக்கொண்டு அனுப்பியிருப்பாள். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நினைத்ததும் அவனுக்கு வேர்த்தது, ஏசி காற்று நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தும். ஒரு தடவை தப்பாக அனுப்பினாள் என்றால் மற்ற நேரமெல்லாம் சரியாக அனுப்பியிருக்கிறாள் என்று அர்த்தம். எத்தனை நேரம்? எத்தனை வருஷம்? மூன்று வருஷம். மூன்று வருஷமாக அப்பா அவனுக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

அதற்கு முன் அப்பா எழுதியவரில்லை, பேசியவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் போன், நல்லா இருக்கியா, இருக்கேம்ப்பா, குளிரா, ஆமாம்ப்பா, சரி வெச்சுடறேன். நாற்பது வருஷம் ரயில்களை வரவேற்று வழியனுப்பியவருக்கு அதற்கு மேல் சொற்கள் தேவைப்படவில்லை என்று நினைத்திருந்தான். அம்மா போன பிறகு அந்த நாலு வார்த்தையும் இரண்டானது. அம்மாவுக்குக் கணையத்தில் புற்று வந்தது ஆடி மாதம், அவள் போனது கார்த்திகையில், இடையில் இருந்த நாலு மாதமும், அம்மா கோயிலுக்குப் போயிருக்கா, அம்மா தூங்குறா, அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு. அவனுக்கு அப்போது குடியுரிமை நேர்காணல் இருந்தது, தம்பி காரியம் கெடக்கூடாது என்று முடிவு எடுத்தார்களாம். எடுத்தவர் அப்பா. அதை அவன் மன்னிக்கவில்லை, மன்னிக்கவில்லை என்று சொல்லவும் இல்லை, வெச்சுடறேன் என்று அவர் சொல்வதற்கு முன்னால் இவன் சொல்லத் தொடங்கினான். எட்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு ஒரு மார்ச் மாதம், அங்கே காலை, இவன் வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது, முதல் முதலாக அப்பாவின் எழுத்து வந்தது. தம்பி, அம்மா விஷயத்தை உங்கிட்ட மறைச்சது என் தப்பு. அன்னைலேருந்து எனக்கு ஒரு நாளும் சரியாத் தூக்கம் இல்லை. ரயிலில் எல்லோரும் பார்க்க அவன் அழுதான். பக்கத்தில் நின்ற பெரிய உருவம் கொண்ட மனிதர் ஒருவர் ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் திரும்பி நின்று அவனை மறைத்துக்கொண்டார்.

அந்த ஒரு வரிக்குப் பிறகு அணை உடைந்த மாதிரி எழுதினான். எதை எழுதவில்லை? மனைவி சுகந்தியோடு சேர்ந்து வாழ முடியாமல் போனது, கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு இருவரும் ஒரே மேஜையில் சூப் குடித்தது, வீட்டில் பாதிச் சாமான் போன பிறகு சுவரில் தெரிந்த வெளுத்த சதுரங்கள். ஒரு பிப்ரவரியில் ஆற்றுப் பாலத்தின் மேல் ரொம்ப நேரம் நின்றுவிட்டு வந்ததைக்கூட எழுதினான். அதை அவன் வைத்தியரிடம்கூடச் சொன்னதில்லை. அதற்கு அப்பா, உடனே, திருச்சியில் விடியற்காலமாக இருந்திருக்க வேண்டும், பதில் எழுதினார்: நீ இங்க வந்துரு. எனக்கு உன்னைப் பார்க்கணும்போல இருக்கு. வேலையை விட்டான், வீட்டைக் கொடுத்தான், நாற்பத்தெட்டு வயதில் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினான். விமான நிலையத்தில் அப்பா, இளைச்சுட்டே என்றார். அதன் பிறகு இந்த நாலு மாதத்தில் எதிரில் உட்கார்ந்து அதைவிட நீளமாக அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாடியில் இவன் அறைக்குப் போனதும் எழுத்து வரும். இன்னிக்கு உன் முகம் வாடியிருந்துது, என்னடா? அவன் மாடியிலிருந்து பதில் எழுதுவான். சில அப்பாக்களுக்கு வாய் திறக்காது, விரல் திறக்கும் என்று தனக்குத்தானே விளக்கிக்கொண்டான். அந்த விளக்கம் பிடித்திருந்தது. நண்பர்களிடம்கூடச் சொன்னான். விரல். அவன் அப்பாவின் விரல்களைப் பார்த்தான். தடித்து, மூட்டுகள் புடைத்து, வலது ஆள்காட்டி விரல் கொஞ்சம் வளைந்து, கைக்குட்டையின் ஓரத்தைத் தடவித் தடவி மடிப்பைத் தேடிக்கொண்டிருந்த விரல்கள். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இந்த விரல் எப்படி எழுதும்? மூன்று வருஷமாகப் புரை முற்றிக்கொண்டிருக்கிறது. தட்டில் சட்னி எந்தப் பக்கம் என்று கேட்கிறவர். இதை யோசிக்காமல் இருக்க எவ்வளவு கெட்டிக்காரத்தனம் வேண்டியிருந்திருக்கிறது.

"யாருடா, பொற்கொடியா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமாம்ப்பா. மருந்து எரியுதான்னு கேக்குறா."

"பத்து மணிக்கு ஒரு தடவை கேக்குறா, பதினொரு மணிக்கு ஒரு தடவை கேக்குறா. நான் கண் காட்ட வந்திருக்கேனா, பிரசவத்துக்கு வந்திருக்கேனா?" என்றார். பின் வரிசையில் யாரோ ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள்.

அவனுக்குத் தோன்றியது, அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அல்லது எல்லாம் தெரியும். இந்த இரண்டில் எது என்பதுதான், இப்போது, இந்த நாற்காலியில், அவனுக்கு வேண்டியிருந்தது. அந்த மார்ச் மாத வரியை அப்பா சொல்லி அக்கா எழுதினாளா, அக்காவே எழுதினாளா? சொல்லி எழுதியிருந்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை, எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல யாராவது கடுதாசி எழுதிக் கொடுப்பது எல்லா ஊரிலும் நடந்ததுதான். அவளே எழுதியிருந்தால் அப்பா இன்னும் அந்த மார்ச் மாதத்துக்கு முந்தைய அப்பாதான், மன்னிப்புக் கேட்காத அப்பா, இவன் மன்னித்தது ஒரு இல்லாத ஆளை. அப்படியானால் இந்த நாலு மாதமாக இவன் யாரோடு ஒரே வீட்டில் இருக்கிறான்? போன மாதம் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. சாப்பிடும்போது அப்பா, உன் பொண்டாட்டி எப்பதான் வர்றா, என்று கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான், அவரும் ஆறுதல் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் மறுபடி கேட்டார். மறதி என்று முடிவு கட்டி, பயந்து, நரம்பு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனான். அங்கே இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், என்றார்கள். அப்பா கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, "என் சர்வீஸ்ல எத்தனை வண்டி, எத்தனை நிமிஷம் லேட்டுன்னு சொல்லட்டுமாய்யா?" என்று அந்த இளம் டாக்டரைக் கேட்டார். வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அறவாழிக்கு ஒரே குழப்பம். இப்போது குழப்பம் இல்லை. அவர் மறக்கவில்லை. அவருக்குச் சொல்லப்படவில்லை.

ஒருமுறை அவன் அக்காவைப் பற்றி அப்பாவுக்கு எழுதியிருக்கிறான், ஐயோ. அக்கா எல்லாத்தையும் தன் இஷ்டத்துக்குத்தான் நடத்துறா, உங்களையும் சேர்த்து, என்று எழுதினான். அதற்கு வெகுநேரம் பதில் வரவில்லை. மறுநாள் வந்தது: அவ பாவம்டா. ஒண்டியா நின்னு எல்லாத்தையும் பாக்குறா. அப்பாவுக்கு இவ்வளவு நியாயம் தெரியுமா என்று அவன் நெகிழ்ந்தான். அந்த ஒரு நாள் இடைவெளியில் அக்கா என்ன செய்திருப்பாள்? இரண்டு தெரு தள்ளி தன் வீட்டில், மாமியாரைக் குளிப்பாட்டிவிட்டு, அப்பாவுக்குக் கேரியரில் சோறு கட்டிவிட்டு, அப்பாவின் பெயரில் தனக்கே ஒரு ஆறுதல் எழுதிக்கொண்டிருப்பாள். அவள்மேல் கோபம் வரப்போகிறது என்று காத்திருந்தான், வரவில்லை, அதனால் இன்னும் பயமாக இருந்தது. பிறகு வேறொரு நினைப்பு, அவமானமான நினைப்பு, வந்தது: மூன்று வருஷமாக அப்பாவுக்கு ஏன் ஆபரேஷன் செய்யவில்லை? பயப்படுறாருடா, சர்க்கரை இறங்கட்டும்டா, வெயில் போகட்டும்டா. சொன்னது அக்கா. கண் தெரிந்தால் மேஜை மேலிருக்கும் போனை அப்பா எடுத்துப் பார்ப்பார் அல்லவா? சே. பேரனைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறவளைப் பற்றி என்ன நினைப்பு இது. ஆனால் நினைத்தாகிவிட்டது, அனுப்பியதை நீக்குவதுபோல் நினைத்ததை நீக்க வழியில்லை.

"அண்ணாந்துக்கங்க, தாத்தா. ரெண்டாவது சொட்டு." பச்சைத் தொப்பி போட்ட சிஸ்டர் வந்து நின்றாள். அப்பாவின் கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்தாள். "கண்ணத் திறந்து எட்டிப் பாக்கக் கூடாது, சரியா? போன தடவை நீங்க டிவி பாத்தீங்க, நான் பாத்தேன்."

"டிவியா? எனக்கு அங்க ஒரு வெள்ளை மாடு நிக்கிற மாதிரி தெரிஞ்சுது."

"ஆபரேஷனுக்கப்புறம் பேப்பரே படிப்பீங்க. பக்கத்துல யாரு, பையனா? சார், நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு. மருந்து உங்களுக்கா அவருக்கா?"

அவள் அடுத்த நாற்காலிக்குப் போனாள். மறுபடி கையில் போன். இந்த முறை அதிரவில்லை, அவனாகத்தான் திறந்தான், நாக்கு பல்வலியைத் தேடிப் போவதுபோல். அப்பாவின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது: தட்டச்சு செய்கிறார். நின்றது. மறுபடி: தட்டச்சு செய்கிறார். அப்பா அவன் தோளுக்குப் பக்கத்தில், வாய் லேசாகத் திறந்து, மருந்து வழிந்த கன்னத்தோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். திரைக்குள் அப்பா எதையோ எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். நின்றது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். தட்டச்சு செய்கிறார். அவனுக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது, எங்கே ஓடுவது, கால்கரியில் அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நின்றது. எதுவும் வரவில்லை.

சின்ன வயதில் ஒரு கோடை விடுமுறையில் அப்பாவோடு ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறான். சுவரோரம் இருந்த போனில் அடுத்த ஸ்டேஷன்காரர் பேசுவார், அப்பா மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து அதிலிருந்து ஒரு எண்ணைச் சொல்வார், அவர் ஒன்று சொல்வார், இவர் எழுதிக்கொண்டு தன் எண்ணை அடித்துவிடுவார். அது என்னப்பா? பிரைவேட் நம்பர். எதுக்கு? வண்டியை விடலாம்னு அந்தப் பக்கம் சொல்றது நிஜமா அவன்தானான்னு எனக்குத் தெரியணும்ல. குரலே தெரியுமேப்பா, ராயப்பன் மாமாதானே? அப்பா அன்றைக்குச் சிரித்தார், குரலை நம்பி வண்டி விட்டா ஆயிரம் பேர் போயிடுவாண்டா, ராயப்பனா இருந்தாலும் நம்பர் சொல்லணும், என்றார். அப்படிப்பட்டவரின் மகன். மூன்று வருஷம் ஒரு எண் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? நமக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கப்பா என்று ஒரு தடவை எழுதியிருந்தால் போதும். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் அவன் நம்பினான் என்பதா? இல்லை. அந்த வரி வேண்டியிருந்தது. யாரிடமிருந்து வந்தாலும் வேண்டியிருந்தது. இது மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக அவனைப் பயமுறுத்தியது. கேட்டுவிடலாம், இப்போதே, கண் மூடியிருக்கிறார், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, மூன்று வருஷம் முன்னாடி மார்ச் மாசம் எனக்கு என்னப்பா எழுதினீங்க, என்று. எதை எழுதினேன் என்று கேட்டால்? அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு அவன் வீட்டுக்குப் போக வேண்டும், இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டோவில் போக வேண்டும், மாடி ஏற வேண்டும்.

"வாழி," என்றார் அப்பா. வீட்டில் அவனை அப்படிக் கூப்பிடுகிற ஒரே ஆள்.

"சொல்லுங்கப்பா."

"ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை நாள்ல படிக்க முடியுமாம்?"

"பத்து நாள்ங்கிறாங்க. கண்ணாடி போட்டுக்கிட்டா."

"பேப்பர் கெடக்குது. உன் கடுதாசியெல்லாம் படிக்கணும்."

"என்ன கடுதாசி?"

"போன்ல எழுதுவியே, கனடாவுல இருந்து. பொற்கொடி வந்து படிச்சுக் காமிப்பா. படிச்சுக்கிட்டே வருவா, நடுவுல நிறுத்திடுவா. அப்புறம் என்னம்மான்னா, அவ்வளவுதாம்ப்பா, நல்லா இருக்கானாம்ப்பாங்குறா. மூக்கை உறிஞ்சுவா. எனக்குக் கண்ணுதான் போச்சு, காது போகலையே." அப்பா கைக்குட்டையை எடுத்துக் கன்னத்தில் வழிந்த மருந்தை ஒற்றினார். "ஒரு தடவை, நீயே ஒண்ணு போடும்மா, அவனுக்கு எது ஆறுதலோ அதை எழுதுன்னேன். எனக்கு எழுத வராதுடா. என்ன போட்டாளோ."

எதை என்று கேட்க வாயெடுத்துவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எப்போது அந்த ஒரு தடவை? மார்ச்சிலா? பாலத்துக்குப் பிறகா? எது ஆறுதலோ அதை எழுது. அப்படியென்றால் அந்த வரி அப்பாவுடையதா இல்லையா? பாதி அவருடையதா? தூக்கம் இல்லை என்றது யாருக்குத் தூக்கம் இல்லாததை? அக்காவும்தான் அந்த நாலு மாதமும் அவனிடம் பொய் சொன்னவள், அம்மா தூங்குறாடா என்று சொன்ன குரல் அவளுடையது. ஒருவேளை அவள் தன் தப்பைத்தான் அப்பாவின் பெயரில் எழுதினாளோ. பாதியில் நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினாளாம். பாலத்தில் நின்ற சேதியை அவள் ஒருத்தியே வைத்துக்கொண்டாள். அதைத் தெரிந்துகொண்டே தினம் காலையில் வந்து, தம்பி தோசை ரெண்டா மூணா, என்று கேட்டிருக்கிறாள். ஆபரேஷன் முடிந்தால் பத்து நாள். பத்து நாளில் இந்தக் கிழவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் போனை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகப் படிப்பார். சுகந்தியைப் படிப்பார். பாலத்தைப் படிப்பார். அதற்குக் கீழே தன் பெயரில் தான் எழுதாத பதில்களைப் படிப்பார். எண்பத்திரண்டு வயது, இதயத்தில் ஸ்டென்ட். அழித்துவிடலாம். போன் மேஜை மேல்தான் கிடக்கிறது, ஒரே நிமிஷம், மொத்த உரையாடலையும் நீக்கு, ஆமாம், முடிந்தது. அக்கா மறுப்பு சொல்ல மாட்டாள், ஒருவேளை அவள் இப்போது எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்ததே அதைக் கேட்கத்தானோ என்னவோ. அப்பா நிம்மதியாக இருப்பார். அவர் காரியம் கெடக்கூடாது. அந்த வாக்கியம் மனசுக்குள் முழுசாக ஓடி முடிந்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று அவனுக்குத் தெரிந்தது, ஆடியில் ஒரு வீட்டுக் கூடத்தில் அவனைப் பற்றிச் சொல்லப்பட்ட வாக்கியம். அவர்களும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள், இதே பயத்தோடு, இதே அன்போடு.

"வைத்திலிங்கம்! வைத்திலிங்கம் யாரு?" மூன்றாவது சொட்டு எப்போது விட்டார்கள் என்றே அவனுக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்து அப்பாவை எழுப்பினான், அவர் முழு எடையும் அவன் முழங்கையில் இறங்கியது. உள்ளே இருட்டறை, ஒரு வெளிச்சக் கோடு அப்பாவின் கண்ணுக்குள் குறுக்கே போய் வந்தது, நல்லா முத்தியிருக்கு, ஒண்ணும் பயமில்லை, என்றார் டாக்டர். வெளியே மேஜையில் தேதி கொடுக்கிற பெண் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வர்ற வியாழக்கிழமை ஒரு இடம் இருக்கு. இல்லாட்டி அடுத்த மாசம் இருபதுக்கு மேல. அவசரம் ஒண்ணும் இல்ல சார், வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்லுங்க."

அடுத்த மாதம். வாயில் அந்தச் சொல் தயாராக இருந்தது. அடுத்த மாதம் என்றால் முப்பது நாள், முப்பது நாளில் எதையும் செய்யலாம், எதையும் செய்யாமலும் இருக்கலாம். அப்பா சுவரோரம் நின்று, விரிந்த பாப்பாக்களோடு, கூசும் வெளிச்சத்தில், அவன் இருக்கும் திசையைத் தேடிக்கொண்டிருந்தார். போன் மறுபடி அதிர்ந்தது. அக்கா. தம்பி, நீ பாத்துட்டேன்னு தெரியும். ஏதாவது எழுது.

வியாழக்கிழமை என்று எழுதிக்கொள்ளச் சொன்னான். ஆஸ்பத்திரிப் படியில் நின்று அக்காவுக்கு எழுதினான்: எதையும் அழிக்காதே. இன்று சாயங்காலம் முதல் செய்தியிலிருந்து எல்லாவற்றையும் அப்பாவுக்கு நானே படித்துக் காட்டப் போகிறேன். என்னுடையதை நான் படிக்கிறேன், பதில்களை நீ வந்து படி.